ஏன் படிக்கிறீர்கள் என்று கேட்டுவிட்டு மறந்துபோன வகுப்பு: 9 மாத இணையவழி ஜெர்மன் பயிற்சி பற்றி ஒரு மதிப்புரை

இந்தப் பயிற்சியில் சேர்வதற்கான படிவத்தில் கட்டாயம் பதில் சொல்லியாக வேண்டிய கேள்வி ஒன்று இருந்தது: ‘நீங்கள் ஜெர்மன் மொழியை ஏன் கற்க விரும்புகிறீர்கள்?’ அதற்குக் கீழே ஐந்து கட்டங்கள்: பல்கலைக்கழகச் சேர்க்கை, வேலை, குடும்பம், ஆர்வம், பிற. அவற்றில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். இரண்டாவதைத் தொட்டால் முதலாவதில் இட்ட குறி அழிந்துவிடும். நான் முதலில் ‘ஆர்வம்’ என்பதைத் தொட்டேன்; சற்று யோசித்துவிட்டு, ‘சேர்க்கை’ என்பதற்கு மாறினேன். நான் சேர நினைத்திருக்கும் முதுநிலைப் படிப்பு ஜெர்மன் மொழியில் நடத்தப்படுவது என்பதால் அதில் பொய் எதுவும் இல்லை. ஆனாலும் அந்தத் தயக்கத்தின் காரணம் எனக்கே விளங்குவதற்கு நான்கைந்து மாதங்கள் ஆயின. பி1 என்ற இடைநிலைத் தேர்வில் தேறிய பிறகு இந்த மதிப்புரையை எழுதுகிறேன். நிறுவனத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. வெளிநாட்டுப் பல்கலைக்கழகக் கனவோடு ஒரு மொழி வகுப்பில் பணம் கட்டப் போகிறவர்கள் எதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதே இங்கே முக்கியம்.

முதலில் இந்தச் சேவை என்ன தருகிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஐரோப்பிய மன்றம் 2001-இல் வெளியிட்ட பொதுச் சட்டகத்தின்படி மொழித்திறன் ஏ1 முதல் சி2 வரை ஆறு படிகளாகப் பிரிக்கப்படுகிறது. இந்தப் பயிற்சி ஏ1, ஏ2, பி1 என்ற முதல் மூன்று படிகளை 9 மாதங்களில் முடிக்கிறது. வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு 90 நிமிடம் என்று மொத்தம் 180 நேரலை வகுப்புகள் நடந்தன. பி1-ஐ எட்டுவதற்கு 45 நிமிடப் பாடங்களாகக் கணக்கிட்டால் 350 முதல் 650 வரை தேவைப்படும் என்று ஜெர்மன் மொழியைக் கற்பித்துத் தேர்வும் நடத்தும் கோத்தே இன்ஸ்டிட்யூட் சொல்கிறது. எங்களுக்குக் கிடைத்தவை 360. அதாவது, ஏற்கெனவே ஓர் ஐரோப்பிய மொழியில் புழங்கியவருக்கும் வீட்டில் தவறாமல் உட்கார்ந்து படிப்பவருக்கும்தான் இந்த வேகம் பொருந்தும். மற்றவர்களுக்கு மூச்சு வாங்கும். வகுப்புகளோடு ஒரு கைப்பேசிச் செயலி, வாரம் ஒரு கட்டுரைத் திருத்தம், நான்கு மாதிரித் தேர்வுகள், பல்கலைக்கழக விண்ணப்பம் குறித்த இரண்டு ஆலோசனை அமர்வுகள் ஆகியவையும் கட்டணத்துக்குள் அடங்கும்.

எங்கள் பிரிவில் 16 பேர் தொடங்கினோம். தேர்வு எழுதியவர்கள் 9 பேர்.

எங்களுக்கு வந்த ஆசிரியர் நல்லவர், பொறுமைசாலி, உச்சரிப்பில் எதையும் விட்டுக்கொடுக்காதவர். அவர் நடத்திய பாடங்களில் ஒன்றை மட்டும் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தச் சேவையின் பலமும் பலவீனமும் அந்த ஒரு வகுப்பிலேயே தெரிந்துவிட்டன. ‘ஏனென்றால்’ என்று பொருள்படும் ‘வைல்’ என்ற இணைப்புச் சொல்லை அன்று அவர் கற்பித்தார். அந்தச் சொல் வந்தால், அதைத் தொடரும் வாக்கியத்தில் வினைச்சொல் கடைசிக்குப் போய்விடும். பாடநூலில் இருந்த மாதிரி வாக்கியம் இது: ‘இஷ் லெர்னெ டாய்ட்ஷ், வைல் இஷ் இன் டாய்ட்ஷ்லான்ட் ஷ்டுடீரன் வில்.’ ஜெர்மனியில் படிக்க விரும்புவதால் ஜெர்மன் கற்கிறேன் என்பது பொருள். ஒவ்வொருவரும் தத்தம் காரணத்தைச் சொல்ல வேண்டும் என்றார். ஏறத்தாழ எல்லோருமே மாதிரி வாக்கியத்தைத் திருப்பிச் சொன்னோம், அதுதான் பாதுகாப்பானது. ஒரு மாணவர் மட்டும், ‘வைல் மைன் ஃபாட்டர் வில்’ என்றார். என் தந்தை விரும்புவதால். ஆசிரியர் ஒரு கணமும் தாமதிக்காமல், “அங்கே ஓர் ‘எஸ்’ வர வேண்டும்: வைல் மைன் ஃபாட்டர் எஸ் வில்” என்று திருத்தினார். மாணவர் திருத்தத்தோடு மீண்டும் ஒருமுறை சொன்னார். அடுத்தவர் பெயர் அழைக்கப்பட்டது.

திருத்தம் முற்றிலும் சரியானது. ‘அதை’ என்ற செயப்படுபொருள் இல்லாமல் அந்த வாக்கியம் ஜெர்மன் மொழியில் ஊனப்பட்டுத்தான் நிற்கும். ஆனால் 16 பேரில் உண்மையான காரணத்தைச் சொன்ன ஒரே ஒருவரிடம், அதைப் பற்றி இன்னொரு கேள்வி கேட்கப்படவில்லை. ஆசிரியரை இதற்காகக் குறை சொல்ல மாட்டேன். 90 நிமிடத்தில் 16 பேரைப் பேசவைக்க வேண்டியவருக்கு அதற்கு நேரம் ஏது? ஆனால் சேர்க்கையின்போதே காரணத்தைக் கேட்டு வாங்கிய ஒரு நிறுவனம், அந்தப் பதிலை ஆசிரியரிடம் கொடுக்கக்கூட இல்லை என்பதை நான் பின்னர் அவரிடமே கேட்டுத் தெரிந்துகொண்டேன். அப்படி ஒரு கேள்வி படிவத்தில் இருப்பதே அவருக்குத் தெரிந்திருக்கவில்லை.

மொழி கற்பவரின் நோக்கம் என்பது பொழுதுபோகாமல் கேட்கப்படும் கேள்வியன்று. கனடாவைச் சேர்ந்த ராபர்ட் கார்ட்னர், வாலஸ் லாம்பர்ட் ஆகிய உளவியலாளர்கள் 1959-இல் மான்ட்ரியலில் பிரெஞ்சு கற்ற பள்ளி மாணவர்களை ஆராய்ந்து, நோக்கங்களை இரண்டு வகையாகப் பிரித்தனர். வேலை, பட்டம் போன்ற பயனை எண்ணிக் கற்பது ஒன்று. அந்த மொழியைப் பேசும் மக்களோடு நெருங்கிப் பழகும் ஆவலால் கற்பது மற்றொன்று. இரண்டாவது வகையினர் நன்றாகக் கற்றார்கள் என்று அப்போது அவர்கள் கண்டார்கள். ஆனால் அதே ஆய்வாளர்கள் பின்னர் பிலிப்பைன்ஸில் ஆங்கிலம் கற்ற மாணவர்களிடையே, பயன் கருதிக் கற்பவர்களும் சிறப்பாகத் தேறுவதைக் கண்டார்கள். ஆகவே ‘ஆர்வத்தோடு கற்பவன் உயர்ந்தவன், பட்டத்துக்காகக் கற்பவன் தாழ்ந்தவன்’ என்று சிலர் செய்யும் உபதேசத்துக்கு இந்த ஆய்வுகளில் இடமில்லை. 2005-இல் மொழிக்கல்வி ஆய்வாளர் சோல்டான் டோர்னியே இன்னொரு கோணத்தை முன்வைத்தார்: நான் ஆக விரும்பும் மனிதன் ஒருவன், நான் ஆக வேண்டும் என்று பிறர் எதிர்பார்க்கும் மனிதன் வேறொருவன். இரண்டு பேருமே மாணவனின் மனத்தில் குடியிருந்து அவனைப் படிக்க வைக்கிறார்கள். எங்கள் வகுப்பில் தந்தையைக் குறிப்பிட்டவரை இரண்டாமவன்தான் நடத்திக்கொண்டிருந்தான். அவர் ஒரு வகுப்பைக்கூடத் தவறவிட்டதில்லை. ஒரு கேள்வியும் கேட்டதில்லை.

சேர்க்கையை மட்டும் நோக்கமாகக் கொண்டவர்களுக்கு இந்தப் பயிற்சி எவ்வளவு நன்றாக வேலை செய்கிறது என்பதை மனமாரச் சொல்ல வேண்டும். பி1 தேர்வு வாசித்தல், கேட்டல், எழுதுதல், பேசுதல் என்று நான்கு தனித்தனிப் பகுதிகளாக நடக்கிறது. ஒவ்வொன்றிலும் 100-க்கு 60 எடுத்தால் போதும். தவறிய பகுதியை மட்டும் மீண்டும் எழுதலாம். இந்த அமைப்பை உள்ளங்கைக் கோடு போல அறிந்தவர்கள் பாடத்திட்டத்தை வகுத்திருக்கிறார்கள். எழுதும் தேர்வின் 60 நிமிடத்தில் மூன்று பணிகள் வரும்: நண்பருக்கு ஒரு கடிதம், ஒரு பொருள் பற்றிய கருத்து, முறையான நடையில் ஒரு சிறு மடல். இந்த மூன்றையும் வாரம் ஒன்றாக மாற்றி மாற்றி எழுத வைத்தார்கள். அனுப்பிய கட்டுரை இரண்டு நாளுக்குள் சிவப்பு மையோடு திரும்பி வந்தது. வெறும் பிழை சுட்டலோடு நிற்காமல், ‘இந்தப் பிழையைச் சென்ற மாதமும் செய்தீர்கள்’ என்று ஓரத்தில் குறிப்பு எழுதியிருந்தார்கள். அந்த ஒரு வரிக்காகவே கட்டணத்தில் ஒரு பகுதி நியாயமாகிவிட்டது என்பேன். பேசும் தேர்வை இருவர் இருவராக நடத்துவதால், மாதிரித் தேர்விலும் ஒவ்வொரு முறையும் வேறு துணையைச் சேர்த்துவிட்டார்கள். எனக்கு வாசித்தலில் 87, எழுதுதலில் 82, பேசுதலில் 71, கேட்டலில் 63. கடைசி எண் ஏன் அப்படி என்பதற்குப் பின்னர் வருகிறேன்.

என்னைப் பொறுத்தவரை இந்தப் பயிற்சியின் சிறந்த தருணம் அவர்கள் திட்டமிடாத ஒன்று. நான்காம் மாதத்தில், நம் நான்காம் வேற்றுமைக்கு இணையான ‘டாட்டிவ்’ என்ற வேற்றுமை வந்தது. பாடக்குறிப்புகள் முழுவதும் ஆங்கிலத்தை நடுவில் வைத்து எழுதப்பட்டவை. அவற்றில் ஒரு பக்கம் நிறைய ‘விதிவிலக்கான வினைகள்’ என்று ஒரு பட்டியல். இவற்றை மனப்பாடம் செய்யுங்கள் என்று ஓர் அறிவுரை. ‘உதவு’ என்ற வினைக்கு ஜெர்மன் மொழியில் இரண்டாம் வேற்றுமை வராது, நான்காம் வேற்றுமைதான் வரும்: ‘இஷ் ஹெல்ஃபெ டீர்.’ உனக்கு உதவுகிறேன். தமிழிலும் ‘உன்னை உதவுகிறேன்’ என்று யாரும் சொல்வதில்லையே! அடுத்தது ‘எஸ் கெஃபெல்ட் மீர்’: எனக்கு அது பிடித்திருக்கிறது. அதற்கும் அடுத்து ‘மீர் இஸ்ட் கால்ட்’: எனக்குக் குளிர்கிறது. ஆங்கில வழியில் வருபவருக்கு விதிவிலக்காகத் தெரியும் இந்தப் பட்டியலின் பாதி, ‘கு’ உருபோடு வளர்ந்த நமக்குப் பிறந்தது முதல் பழகிய விதி. பிடிப்பதும் குளிர்வதும் நாம் செய்யும் செயல்கள் அல்ல, நமக்கு நேர்பவை என்ற எண்ணம் இரண்டு மொழிகளிலும் ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. அன்று இரவு அந்தப் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு, எவையெல்லாம் தமிழோடு பொருந்துகின்றன, எவை பொருந்தவில்லை என்று இரண்டு பத்திகளாக எழுதிக்கொண்டிருந்தேன். ‘வைல்’ வாக்கியமும் அப்படித்தான்: ‘ஷ்டுடீரன் வில்’ என்பது வரிசை மாறாமல் ‘படிக்க விரும்பு’. வினை கடைசியில் வருவது எங்களுக்குச் சங்கடமாக இருக்கும் என்று குறிப்பு எச்சரித்தது. எங்களுக்கு அதுதான் சொந்த வீடு.

எல்லாமே இப்படி இனித்தது என்று சொல்வதற்கில்லை. உயர்திணை, அஃறிணை என்று தெளிவாகப் பிரித்துப் பழகியவர்களுக்கு, மேசை ஆண்பாலாகவும் விளக்கு பெண்பாலாகவும் இருப்பதே எரிச்சல். இவற்றோடு ‘மேட்ஷன்’, அதாவது சிறுமி, பலர்க்கும் நம்பக் கடினமான வகையில் நடுப்பாலுக்குரிய ‘டாஸ்’ என்ற முன்னடைச் சொல்லைப் பெறுகிறாள். ‘-ஷன்’ என்ற சிறுமைப் பொருள் விகுதி எதன்மேல் ஏறினாலும் அதை நடுப்பாலாக்கிவிடும் என்ற காரணம் தெரிந்த பிறகுதான் மனம் ஆறியது. அந்தக் காரணமும் பாடக்குறிப்பில் இல்லை, நான் கேட்டதற்கு ஆசிரியர் சொன்னார்.

படிவத்தில் நான் தொட்டு அழித்த ‘ஆர்வம்’ எதுவென்று இந்த நாட்களில்தான் எனக்கு விளங்கியது. இந்தச் சேவைக்கு அதைப் பற்றி எதுவும் தெரியாது. தெரிந்திருந்தால், கற்பவரின் தாய்மொழி என்ன என்ற ஒரு கேள்வியைப் படிவத்தில் சேர்த்திருப்பார்கள். அது அங்கே இல்லை.

அடுத்தது செயலி. இதுதான் என் முதன்மைக் குறை. ஒவ்வொரு நாளும் பத்து நிமிடப் பயிற்சி செய்தால் புள்ளிகள் சேரும். இடைவிடாத நாட்களின் எண்ணிக்கை ஒரு தீச்சுடர்ப் படத்தோடு திரையின் உச்சியில் ஏறிக்கொண்டே போகும். பிரிவில் யார் முன்னால் இருக்கிறார் என்ற பட்டியல் ஞாயிறு இரவு வெளியாகும். முதல் இரண்டு மாதம் இது எனக்கு உதவியது என்பதை மறுக்கமாட்டேன். அதற்குப் பிறகு என் நோக்கம் சத்தமில்லாமல் இடம் மாறிவிட்டது. நள்ளிரவுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது, கேட்டல் பயிற்சியைத் திறந்தால் நேரம் போதாது என்பதால், மூன்று மாதத்துக்கு முன்னால் முடித்த ஏ1 நிறப்பெயர்ப் பாடத்தைத் திறந்து ‘சிவப்பு, பச்சை, நீலம்’ என்று தட்டி எண்ணிக்கையைக் காப்பாற்றிக்கொண்டேன். எண் 112-ஐ எட்டியது. கேட்டல் திறன் நின்ற இடத்திலேயே நின்றது. தேர்வில் வாங்கிய 63-க்கு வேறு விளக்கம் என்னிடம் இல்லை. பின்னர் காய்ச்சலில் ஒரு நாள் தவறியது. எண் பூஜ்யத்துக்குத் திரும்பியது. அடுத்த 11 நாட்கள் நான் செயலியைத் திறக்கவே இல்லை.

உளவியலாளர் எட்வர்ட் டெசி 1971-இல் வெளியிட்ட ஆய்வு நினைவுக்கு வருகிறது. கல்லூரி மாணவர்களிடம் விரும்பி ஆடக்கூடிய புதிர்க்கட்டைகளைக் கொடுத்து, ஒரு குழுவினருக்கு மட்டும் ஒரு கட்டத்தில் தீர்த்த புதிர்களுக்குப் பணம் கொடுத்தார். பிறகு பணத்தை நிறுத்தியதும், அந்தக் குழுவினர் ஓய்வு நேரத்தில் கட்டைகளைத் தொடுவது குறைந்தது. ஒரு செயலியின் தீச்சுடரையும் அந்தப் பணத்தையும் ஒன்றென்று சொல்லிவிட முடியாதுதான். ஆனாலும் அந்த 11 நாட்களில் எனக்கு நேர்ந்தது அதற்கு மிக நெருங்கியது. இந்தச் செயலியில் செய்ய வேண்டிய திருத்தம் பெரிதொன்றுமில்லை: முடித்த படிக்குக் கீழே உள்ள பாடங்களுக்கு நாள் எண்ணிக்கை ஏறக்கூடாது என்று ஒரு விதி போதும். கருத்துப் படிவத்தில் எழுதியிருக்கிறேன்.

பல்கலைக்கழக ஆலோசனை அமர்வுகளைப் பற்றிப் பேசும்போது எனக்குக் கோபம் வருகிறது. அதை அடக்கிக்கொண்டு எழுத முயல்கிறேன். ஜெர்மன் மொழியில் நடத்தப்படும் பட்டப்படிப்புகளுக்குப் பொதுவாக பி1 போதாது. ‘டெஸ்ட்டாஃப்’ தேர்வின் நான்கு பகுதிகளிலும் நான்காம் நிலை, அல்லது பல்கலைக்கழகங்களே நடத்தும் ‘டி.எஸ்.எச்.’ தேர்வில் இரண்டாம் நிலை என்பதே பரவலாகக் கேட்கப்படும் தகுதி. அதை எட்ட இன்னும் இரண்டு படிகள் ஏற வேண்டும். அவை முதல் மூன்று படிகளைக் காட்டிலும் செங்குத்தானவை. மறுபுறம், முழுவதும் ஆங்கிலத்தில் நடக்கும் முதுநிலைப் படிப்புகள் அங்கே ஏராளம். அவற்றில் பலவற்றுக்குச் சேர்க்கையின்போது ஜெர்மன் சான்றிதழே கேட்பதில்லை. இவை இரண்டும் சேர்ந்த அன்றே, அந்த ஐந்து கட்டங்களில் ‘சேர்க்கை’ என்பதைத் தொட்ட உடனே சொல்லப்பட்டிருக்க வேண்டிய செய்திகள். எங்களுக்குச் சொல்லப்பட்டது ஏழாம் மாதத்தில். அதுவும் அடுத்த நிலைப் பயிற்சிக்குச் சலுகைக் கட்டணம் அறிவிக்கும் அமர்வில். அந்த வாரமே மூன்று பேர் விலகினார்கள். அவர்களில் ஒருவர் இளநிலைப் படிப்புக்காக வந்தவர். ஓராண்டு இலக்கு என்று எண்ணியிருந்தது இரண்டாண்டாக நீண்டதும் அவருக்குக் கால் ஓய்ந்துவிட்டது. இன்னொருவருக்குச் சில வாரங்களில் ஆங்கில வழி முதுநிலைப் படிப்பு ஒன்றில் இடம் கிடைத்தது. அவரைப் பொறுத்தவரை ஜெர்மன் ஒரு வேலிதான். வேலி இல்லாத வழி கிடைத்ததும் அதை ஏன் தாண்ட வேண்டும்? அவர் விலகியதில் எந்தத் தவறும் இல்லை. ஆறு மாதத்துக்கு முன்பே தெரிந்திருந்தால் அந்த நேரத்தையும் பணத்தையும் மிச்சப்படுத்தியிருப்பார்.

அமர்வை நடத்தியவர் மதிப்பெண், பட்டம், படிப்பு முடித்த ஆண்டு ஆகியவற்றைக் கேட்டுக் குறித்துக்கொண்டார். எந்தத் துறை பிடிக்கும், எதைப் படித்தால் நேரம் போவது தெரியாது என்று கேட்கவில்லை. எங்களில் மூவருக்கு ஒரே ஐந்து பல்கலைக்கழகங்களின் பட்டியல் வந்தது. மூவரின் துறைகளும் வேறு வேறு.

தந்தை விரும்புவதால் கற்கிறேன் என்றவர் இறுதிவரை இருந்தார். கடைசி மாதிரித் தேர்வில் பேசும் பகுதிக்கு அவர்தான் எனக்குத் துணை. இருவரும் சேர்ந்து ஒரு பயணத்தைத் திட்டமிட வேண்டும் என்பது பணி. நான் தேர்வுக்கென்று மனப்பாடம் செய்த வாக்கியங்களை அடுக்கிக்கொண்டிருக்க, அவர் திடீரென்று, அந்த இரயில் அங்கே நிற்காது, வண்டி மாற வேண்டும் என்று திருத்தமான ஜெர்மன் மொழியில் குறுக்கிட்டார். தேர்வு முடிந்த பிறகு கேட்டால், இரவெல்லாம் ஜெர்மன் இரயில் ஆர்வலர்களின் காணொளிகளைப் பார்ப்பதாகச் சொன்னார். பொறியியலைவிட அதுதான் தனக்குப் புரிகிறது என்றார். 9 மாதத்தில் அவர் தானாக ஒருவரிடம் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. கேட்டலில் அவருக்கு 93.

யாருக்கு இந்தப் பயிற்சியைப் பரிந்துரைப்பேன்? பி1 சான்றிதழ் ஒரு குறிப்பிட்ட காரியத்துக்குத் தேவைப்படுபவர், அதற்கு 9 மாத அவகாசம் உள்ளவர், நாளுக்கு இரண்டு மணி நேரம் தனியாக உட்காரக்கூடியவர் தயங்காமல் சேரலாம். கட்டுரைத் திருத்தத்தில் இதை விஞ்சும் வகுப்பை நான் பார்க்கவில்லை. இளநிலைப் படிப்புக்குப் போக எண்ணுபவர்கள், சேரும் முன் எந்தப் பல்கலைக்கழகத்தின் எந்தப் படிப்புக்கு எந்த நிலை வேண்டும் என்பதை அந்தப் பல்கலைக்கழகத்தின் தளத்திலேயே தாமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும். மொழியின்மேல் உள்ள ஆசைக்காக வருபவர்களுக்கு இந்த வேகம் சற்றுக் கொடுமை. செயலியில் அறிவிப்புகளை அணைத்துவிட்டு, வேற்றுமைப் பட்டியலைத் தமிழோடு ஒப்பிட்டுத் தாமே ஒரு குறிப்பேடு எழுதத் தொடங்கினால் தாக்குப்பிடிக்கலாம். ஐந்து நட்சத்திரத்தில் மூன்றரை கொடுக்கிறேன். ஏழாம் மாதச் செய்தியை முதல் நாளே சொல்லியிருந்தால் நான்கரை கொடுத்திருப்பேன்.

இத்தனையும் எழுதிவிட்டு, அதே நிறுவனத்தின் பி2 பயிற்சியில் சென்ற வாரம் சேர்ந்திருக்கிறேன், அதே ஆசிரியர் வருகிறார் என்பதற்காக. படிவத்தில் அதே கேள்வி, அதே ஐந்து கட்டங்கள். இம்முறை ‘பிற’ என்பதைத் தொட்டேன். காரணத்தை எழுத ஒரு சிறிய இடம் திறந்தது. அதில் 40 எழுத்துகளுக்கு மேல் ஏறவில்லை.